வேப்பிலைக்குப் பின்னால் ஒரு கேமரா

“புஷ்பா! பாத்ரூம் லைட்ட அடைக்கல நீ!”

சுவர் பேசியது. புஷ்பலதாவின் கையிலிருந்த சோப்புப் பெட்டி படிக்கட்டில் உருண்டு கீழே போனது. நெஞ்சுக்கு மேலே குறுக்காகக் கட்டிய கைலி, தோளில் ஈரத்துண்டு, சொட்டுகிற தலைமுடி. கம்பெனி பஸ் வர இன்னும் இருபது நிமிடம்.

“யாரு? யாரது?”

“நான்தாம்மா, செபாஸ்டியன். லைட்ட அடைச்சிட்டுப் போ.”

புஷ்பலதா போட்ட சத்தத்தில் மங்களத்தின் அறைக்கதவு திறந்தது.

“என்னாடி, பாம்பா?”

“பாம்பா இருந்தா அடிச்சிருப்பேன்லாக்கா! வீட்டுக்காரரு!”

“எங்க?”

“அந்தா, செவுத்துல!”

மங்களம் அண்ணாந்து பார்த்தாள். மாடிப்படி முடியும் இடத்தில், ஓர் ஆணிக்குப் பக்கத்தில், தேங்காய் மூடி அளவுக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒற்றைக் கண். அதற்குக் கீழே நீலப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை செபாஸ்டியன் வந்து மாட்டிவிட்டுப் போன கேமரா. ‘படிக்கட்ட மட்டும்தான் பாக்கும்’ என்று சொல்லியிருந்தார். அது பேசும் என்று சொல்லவில்லை. தலையைத் திருப்பும் என்றும் சொல்லவில்லை. இப்போது அது மெல்லத் திரும்பி மங்களத்தைப் பார்த்தது.

“மங்களம், நீயும் முழிச்சிட்டியா? நல்லதாப் போச்சு. கீழ ஃபேன் ஓடுதான்னு பாரு.”

“ஐயோ, கண்ணு திரும்புதுடி!” என்று மங்களம் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெலாப்பாங்கில் இருக்கும் அந்த இரட்டை மாடி வீட்டில் மூன்று பெண்கள் ஆளுக்கோர் அறை எடுத்திருந்தார்கள். மூன்று அறைகளும் மாடியில். குளியலறை ஒன்றுதான், நடையின் கடைசியில். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கும் மங்களத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. பாரிட் புந்தாரிலிருந்து வந்த ட்ரேசி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். புஷ்பலதா குளோவ்ஸ் கம்பெனியில் பேக்கிங். முப்பத்தாறு வயது.

அன்று மதிய இடைவேளையில் அவள் செபாஸ்டியனுக்குப் போன் போட்டாள்.

“அங்கள், அந்தக் கேமராவக் கழட்டிருங்க.”

“ஏம்மா? அது வீட்ட ஜாகா பண்ணுது, காவக் காக்குது. போன வருஷம் ஒரு பொண்ணு, சொந்தக்காரங்க ஆறு பேர மாடியில படுக்க வச்சாளே, மறந்துட்டியா?”

“நான் அப்ப இங்க இல்ல அங்கள்.”

“அதான் சொல்றேன். உனக்குத் தெரியாது.”

“பாத்ரூம்லேர்ந்து ரூமுக்கு நடையிலதான் வரணும். நாங்க எப்படி வருவோம்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் எஸ்டேட்டு லயத்துல வளந்தவங்கதானே?”

“நான் அதையெல்லாம் பாக்குறதில்லம்மா. லைட்டு, ஃபேன், வெளியாளு. அவ்வளவுதான். அது பொது எடம். ரூமுக்குள்ள வச்சாத்தான் தப்பு.”

“பொது எடம்னா எங்க மூனு பேருக்கும் பொது அங்கள். உங்களுக்கு இல்ல.”

“வீடு யாருது?”

“வீடு உங்களுது. உடம்பு எங்களுது.”

அந்தப் பக்கம் குரல் மாறியது. 

“புடிக்கலன்னா மாசக் கடைசியில ரூமக் காலி பண்ணிக்கலாம். யாரும் உன்னக் கட்டி வைக்கல.”

அந்த ஒரு வாக்கியம் போதும், புஷ்பலதாவின் வாயை அடைக்க. இந்த அறை கிடைக்க அவள் மூன்று மாதம் அலைந்திருக்கிறாள். போனில் அறை இருக்கிறது என்பார்கள், பெயரைக் கேட்பார்கள், தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும், இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார் என்பார்கள். அவளுடைய அம்மா அப்பா இருப்பது சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட பழைய எஸ்டேட்டில். அங்கே கம்பெனி பஸ் போகாது. இங்கே தெருமுனையிலேயே நிற்கும். அறையையும் விடக்கூடாது, அந்தக் கண்ணுக்கு முன்னால் நடக்கவும் கூடாது. இரண்டும் வேண்டும் அவளுக்கு.

சாயங்காலம் சமையலறையில் கூட்டம் போட்டார்கள். ட்ரேசி வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள்.

“ஒன்பது பக்கம் இருக்குக்கா. பூனை வளக்கக்கூடாதுன்னு இருக்கு. செவுத்துல ஆணி அடிக்கக்கூடாதுன்னு இருக்கு. கேமராங்குற வார்த்தையே இல்ல.”

“அப்ப அவரு வைக்கக்கூடாதுதானே?” என்றாள் மங்களம்.

“வைக்கலாம்னும் இல்ல, கூடாதுன்னும் இல்ல. கேக்காம வச்சது தப்பு. ஆனா யாரு போயி அதச் சொல்றது? சொன்னா காலி பண்ணும்பாரு.”

“ஆணி அடிக்கக்கூடாதுன்னவரு அவரே ஆணி அடிச்சிருக்காரு பாத்தியா!”

“அக்கா, அந்த ஆணி முன்னாடியே இருந்துச்சு.”

“நீ யாரு கட்சிடி?”

மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார்கள். முதல் நாள் கேமராவின் தலையில் துண்டைப் போட்டார்கள். இரண்டே நிமிடத்தில் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: “துண்ட எடுங்க.” அடுத்த நாள் நடையின் குறுக்கே கொடி கட்டிப் போர்வையைக் காயப்போட்டார்கள். “கொடிய அவுங்க, யாராவது தடுக்கி விழுந்துட்டா?” என்றார். மூன்றாம் நாள் ட்ரேசி, மாதா படம் போட்ட காலண்டரைக் கேமராவுக்கு நேராகத் தொங்கவிட்டாள். மாதாவைக் கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வராது என்பது அவள் கணக்கு.

“ட்ரேசி, மாதாவுக்கு அங்க வெளிச்சம் பத்தாதுமா. ஜன்னல் பக்கம் மாட்டு” என்றது குரல், பக்தியோடு.

தோற்றுப்போய், மூவரும் குளியலறைக்குள்ளேயே உடுத்திக்கொண்டு வரப் பழகினார்கள். ஈரத் தரை, ஈர உடம்பு, ஒட்டிக்கொள்ளும் சட்டை. அதே சட்டையோடு புஷ்பலதா எட்டு மணி நேரம் கம்பெனியில் நின்றாள். பத்தே நாளில் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்துவிட்டது. அவள் சொறிந்துகொண்டே படியேறுவதைப் பார்த்த மங்களம், பள்ளிக்கூட வேலியோரத்து மரத்திலிருந்து வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

“வெந்நியில போட்டுக் குளி. ரெண்டு நாள்ல அடங்கிரும்.”

மிச்சக் கொத்தை எங்கே வைப்பது என்று பார்த்து, கண்ணில் பட்ட ஆணியில் எக்கிச் செருகினாள். கேமராவுக்குப் பக்கத்திலிருந்த ஆணி. கொத்தின் நுனி கேமராவின் முகத்தில் தொங்கியது.

அவள் திரும்பி இரண்டு எட்டு வைப்பதற்குள் குரல் வந்தது. வழக்கமான குரல் அல்ல; கோயிலுக்குள் பேசுவதுபோல் அடங்கிய குரல்.

“மங்களம்…”

“என்னாண்ணே?”

“வேப்பிலையா அது?”

“ஆமாண்ணே.”

“அம்மாவா?”

மங்களம் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

எஸ்டேட்டில் வளர்ந்த யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை ஏறும். வெளியாள் உள்ளே வரமாட்டார்கள். நோயின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அந்த இலையை யாரும் தொடமாட்டார்கள். சாமி கும்பிடுகிற வீடானாலும் சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் லயத்தில் அது ஒரே சட்டம்தான்.

“வாயால சொல்லக்கூடாதுல்லண்ணே” என்றாள் மங்களம், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சொல்லாத, சொல்லாத! யாருக்குன்னும் சொல்லாத. அந்தப் பிள்ள கழுத்தச் சொறிஞ்சிக்கிட்டுப் போனப்பவே நெனச்சேன். வேப்பிலையக் கழட்டிடாத மங்களம்.”

“கேமராவ மறைக்குதேண்ணே?”

“மறைச்சா மறைக்கட்டும்! மாதாவே, எங்களக் காப்பாத்து!”

மங்களம் பூனைபோல் நடந்து புஷ்பலதாவின் அறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் இடுப்பை ஆட்டி ஓர் ஆட்டம் போட்டாள்.

“என்னாக்கா? பைத்தியமா?”

“வேப்பங்கொத்து இன்னும் எத்தன வேணும் உனக்கு? மரத்தையே வெட்டிக்கிட்டு வாரேன்!”

விஷயத்தைக் கேட்டதும் ட்ரேசி வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, பொய் சொல்லிட்டீங்களே!”

“நான் என்னாடி பொய் சொன்னேன்? வாயால சொல்லக்கூடாதுன்னேன். கூடாதுதானே?”

“கூடாதுதான்.”

“அப்புறம்?”

அன்றே ஆணியில் இன்னும் மூன்று கொத்து ஏறியது. கேமரா பச்சைக்குள் காணாமல் போனது. அடுத்த நாள் காலையில் புஷ்பலதா கைலியைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு நடையில் வந்தாள். பாதி வழியில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தடவை குளியலறைவரை போய்த் திரும்பி வந்தாள். மங்களம் கதவிடுக்கில் பார்த்துக் கைதட்டினாள்.

“ராணி மாதிரி நடக்குறடி!”

ஆனாலும் படுக்கும்போது புஷ்பலதாவுக்கு மனம் உறுத்தியது. “மூனாந் தண்ணிக்கு அப்புறம் என்னாக்கா பண்றது? இலையக் கழட்டித்தானே ஆகணும்?”

“அப்ப ட்ரேசிக்கு வரும்.”

“அதுக்கப்புறம்?”

“எனக்கு வரும். நீ தூங்கு.”

நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. ராத்திரி வேலை முடிந்து வந்த ட்ரேசி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். உச்சி வெயிலில் வாசலில் ஒரு காடி வந்து நின்றது. இறங்கியவள் செபாஸ்டியனின் மனைவி டோரிஸ். ஒரு கையில் மூன்று இளநீர், இன்னொரு கையில் துணிப்பை.

“அக்கா, ஆன்ட்டி வந்திருக்காங்க!”

“பேசாத. தலையக் குனிஞ்சிக்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

டோரிஸ் வாசலிலேயே செருப்பைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். புஷ்பலதாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“உனக்கு இல்லையா? இவரு உனக்குத்தான்னு சொன்னாரே! அப்ப அந்தச் சின்னப் பொண்ணுக்கா?”

மங்களம் தரையைப் பார்த்தாள்.

“பாவம், ஊரு விட்டு ஊரு வந்து படுத்திருக்கு. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா காடி சாவியக் குடுத்திருக்க மாட்டாரு. எங்க மக ஜானிஸுக்கு எட்டு மாசம்லா. மாப்பிள்ள நைஜலும் எங்களோடதான் இருக்காரு. வயித்துப் பிள்ளக்காரி இருக்குற வீட்டுக்கு இதக் கொண்டாந்துருவியான்னு குதிப்பாரு. எனக்குச் சின்னதுலயே வந்து போச்சு, பயமில்ல. ஒரு செபம் சொல்லிட்டுப் போயிர்றேன்.”

“ஆன்ட்டி, ஒரு விஷயம்…” என்று தொடங்கினாள் புஷ்பலதா.

மங்களம் அவள் கையைக் கிள்ளினாள். அதற்குள் டோரிஸ் மாடியேறிவிட்டாள். ட்ரேசியின் மூடிய கதவுக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினாள். உள்ளே ட்ரேசியின் குறட்டை லேசாகக் கேட்டது. டோரிஸ் அதை முனகல் என்று நினைத்துக்கொண்டாள் போலும். இன்னும் உருக்கமாகச் செபித்தாள். புஷ்பலதா அவள் பக்கத்தில் குனிந்தாள்.

“ஆன்ட்டி, நான் உங்ககிட்ட சொல்லணும்…”

“அப்புறம் சொல்லும்மா. மொதல்ல நான் குளிக்கணும். தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் அந்த வீட்டு வாசப்படிய மிதிப்பேன். மாத்துத்துணி கொண்டாந்திருக்கேன். உன் கைலி ஒன்னு குடு.”

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டோரிஸின் துணிப்பை புஷ்பலதாவின் அறைக்குள், கட்டிலின் மேல் இருந்தது. குளித்துவிட்டு நடையில்தான் அவள் வந்தாக வேண்டும்.

“போகட்டும்” என்று மங்களம் கிசுகிசுத்தாள். “கேமராதான் இலைக்குள்ள இருக்கே.”

அவள் சொல்லி முடிக்கவில்லை. *கிர்ர்* என்று ஒரு சத்தம்.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஐந்து நாளில் வேப்பிலை காய்ந்து சருகாகியிருந்தது. அதற்குள்ளிருந்த தலை இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. மறுபடி இடம், மறுபடி வலம். யாரோ எங்கோ உட்கார்ந்து அதை வேகவேகமாக ஆட்டுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சருகுகள் மழைபோல் கொட்டின. நீலப் புள்ளி தெரிந்தது. பிறகு கண் முழுசாகத் தெரிந்தது.

“அக்கா! தொறந்துருச்சு!”

மங்களம் கேமராவைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

“விட்டுரு புஷ்பா.”

“என்னாது?”

“விட்டுரு. வீட்டுக்காரம்மாவும் ஒரு தடவ நடந்து பாக்கட்டும்.”

புஷ்பலதா ஒரு நொடி நின்றாள். அந்த முதல் நாள் காலை சுவர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இளநீர் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு அதுவா?

“மாட்டேங்க்கா. அது யாருக்கும் நடக்கக்கூடாது.”

நாற்காலியை இழுத்தாள். துண்டைத் தேடினாள். துண்டு குளியலறைக்குள் டோரிஸிடம் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் அசைந்தது.

“ஆன்ட்டி, வெளிய வராதீங்க!” என்று புஷ்பலதா கத்தினாள்.

அந்த அலறலைக் கேட்ட டோரிஸ், உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். நெஞ்சில் குறுக்காகக் கைலி, தலையில் சுற்றிய துண்டு, வெறும் தோளில் தண்ணீர்.

“என்னாச்சு, பிள்ளைக்கு என்னாச்சு?” என்று ட்ரேசியின் கதவைத் தட்டினாள், கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி.

“ஏய்! யாரது?” என்றது சுவர்.

டோரிஸ் அப்படியே உறைந்துபோனாள்.

“வெளியாள மாடிக்கு ஏத்தக்கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்! மங்களம், யாரு அந்த அம்மா? குளிக்க வேற வச்சிருக்கீங்களா? ஏம்மா, உன்னத்தான்! திரும்பு. மூஞ்சக் காட்டு!”

அந்தக் குரலுக்குப் பின்னாலிருந்து இன்னோர் ஆண்குரல் உற்சாகமாகக் கேட்டது. “பாத்தீங்களா மாமா, கையால தொடாமலே ஆட்டி ஆட்டி இலையெல்லாத்தையும் உதுத்துட்டேன். இப்ப கிளியரா தெரியுதா? இருங்க, இன்னும் கிட்டக்கக் கொண்டு போறேன்.”

டோரிஸ் திரும்பினாள்.

சுவரில் மூச்சுச் சத்தம் மட்டும்.

“டோ… டோரிஸ்?”

“செபாஸ்டியன்!”

“மாமா! நான் பாக்கல! சத்தியமா நான் ஒன்னும் பாக்கல!”

“போனக் குடு மாப்ள! அடைச்சித் தொல!”

“எது மாமா அடைக்கிறது, நான்தான் கண்ண மூடியிருக்கேனே!”

நீலப் புள்ளி அணைந்தது. புஷ்பலதா தன் கட்டில் போர்வையை இழுத்து வந்து டோரிஸைத் தலையோடு மூடி, அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

ட்ரேசி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, “தீயா?” என்று கேட்டாள்.

“அதவிடப் பெருசு” என்றாள் மங்களம்.

புஷ்பலதாவின் அறைக்கதவு திறந்தபோது டோரிஸ் சேலையில் இருந்தாள். எழுந்து நிற்கும் ட்ரேசியை மேலும் கீழும் பார்த்தாள்.

“மேல ஒரு கொப்புளம் இல்ல.”

புஷ்பலதா முன்னால் வந்தாள். “யாருக்கும் ஒன்னும் இல்ல ஆன்ட்டி. எனக்கு வேர்க்குரு. அக்கா இலையக் கொண்டாந்து ஆணியில செருகுனாங்க. அங்கள் அவராவே அம்மான்னு நெனச்சிக்கிட்டாரு. நாங்க இல்லன்னு சொல்லல. சொல்லியிருக்கணும். நீங்க செபம் சொல்றப்பயாவது சொல்லியிருக்கணும்.”

“அஞ்சு நாளா நான் தூங்கல தெரியுமா? ஜானிஸ் இருமினாக்கூட எனக்கு உசுரு போச்சு!”

“தப்புதான் ஆன்ட்டி.”

“ஏன் பண்ணீங்க?”

புஷ்பலதா கேமராவைப் பார்த்தாள். டோரிஸும் அதைப் பார்த்தாள்.

“எத்தன நாளா இது?”

“ரெண்டு வாரத்துக்கு மேல. நான் அங்கள்கிட்ட கழட்டச் சொல்லிக் கேட்டேன். புடிக்கலன்னா காலி பண்ணுன்னாரு.”

“என்கிட்ட வாசல ஜாகா பண்ணுதுன்னுதானே சொன்னாரு…”

கீழே இன்னொரு காடி வந்து பிரேக் அடித்தது. செபாஸ்டியன் புந்தோங் வீட்டிலிருந்து பறந்து வந்திருந்தார். ஆனால் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு அண்ணாந்து கூப்பிட்டார்.

“டோரிஸ், எறங்கி வா! அம்மை இருக்குற எடத்துல என்னா வேல உனக்கு?”

“அம்மையும் இல்ல, ஒன்னும் இல்ல. உங்க கேமராவ மறைக்கத்தான் இலை.”

கைக்குட்டை இறங்கியது. செபாஸ்டியனின் முகத்தில் தெம்பு வந்தது. “பாத்தியா! பொய்! இதுக்குத்தான் கேமரா வேணும்ங்கிறது. புஷ்பா, இந்த மாசக் கடைசி வரைக்கும்கூட வேணாம், அடுத்த வாரமே நீ…”

“செபாஸ்டியன், நான் இன்னும் பேசி முடிக்கல” என்றாள் டோரிஸ்.

ஆனால் புஷ்பலதா அவளுக்கு முன்னால் போய்ப் படியின் உச்சியில் நின்றாள்.

“பொய்க்கு மன்னிப்புக் கேட்டுட்டேன் அங்கள், உங்ககிட்டயும் கேக்குறேன். போகச் சொன்னா போறேன். ஆனா போறதுக்கு முன்ன எனக்கு ஒன்னு தெரியணும். இத்தன நாளா அது புடிச்சதெல்லாம் எங்க இருக்கு?”

“எங்க இருக்குன்னா? போன்லதான்.”

“யாரு போன்ல?”

“என் போன்ல. மாப்ளதான் போட்டுக் குடுத்தாரு, அவரு போன்லயும் இருக்கும்.”

“அவ்வளவுதானா?”

செபாஸ்டியன் பாக்கெட்டைத் தடவினார். ட்ரேசி படியிறங்கி வந்து கையை நீட்டினாள். “குடுங்க அங்கள், நான் பாத்துச் சொல்றேன்.” அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் போன் கைமாறியது.

“மூனு பேரு இருக்கு” என்று ட்ரேசி வாசித்தாள். “செபாஸ்டியன், நைஜல், ஜெரமி.”

“ஜெரமியா!” டோரிஸ் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “என் மகன் போன்லயா? லூமுட் நேவி கேம்புல அவனோட ஒரே ரூம்ல நாலு பசங்க படுக்குறாங்களே! அத்தன பேருக்கும் நடுவுலயா இந்தப் பிள்ளைங்க குளிச்சிட்டு நடந்துச்சுங்க? நான் நடந்தேன்?”

“அவன் பாக்கவே மாட்டான் டோரிஸ். வீட்டு விஷயம்னு குடும்பத்துல எல்லாரையும் சேத்துட்டாரு மாப்ள. நான் லைட்டத்தான் பாத்தேன். வேற எதையும் நான்…”

“என்ன திரும்பி மூஞ்சக் காட்டச் சொன்னீங்க.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போல், “அது நீன்னு தெரியாதுலா” என்றார்.

“நான் இல்லன்னா மட்டும் கேக்கலாமா?”

மங்களம் ஏற்கெனவே சமையலறையிலிருந்து திருப்புளியோடு வந்துவிட்டாள். புஷ்பலதா நாற்காலியில் ஏறினாள். டோரிஸ் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு திருகு. முதலாவது உடனே வந்தது. இரண்டாவது அசையவில்லை.

“இடப்பக்கம் திருப்புடி!”

“அதாங்க்கா திருப்புறேன்!”

“எண்ண ஊத்தவா?”

“வந்துருச்சு, வந்துருச்சு!”

கேமரா அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவு கனமே இல்லை. கீழே ட்ரேசி ஒவ்வொரு நாளாக அழித்துக்கொண்டிருந்தாள். அழிப்பதை செபாஸ்டியன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அவரையே லூமுட்டுக்குப் போன் போடவைத்து, ஸ்பீக்கரில் ஜெரமியையும் அழிக்கச் சொன்னார்கள். “எதுப்பா? நான் அதத் தொறந்ததே இல்லையே” என்றான் அவன், தூக்கக் குரலில்.

“தொறக்காமலே அழி!” என்றாள் அம்மா.

நைஜலின் கதையை வீட்டுக்குப் போய்த் தானே பார்த்துக்கொள்வதாகவும் அவள் சொன்னாள். அவனுக்காக மங்களம் உச்சுக்கொட்டினாள்.

“எழுதியும் வேணும் ஆன்ட்டி” என்றாள் புஷ்பலதா. “இன்னிக்கு நீங்க இருக்கீங்க. நாளைக்கு வேற ஒன்னு வந்து மாட்டுனா?”

ஒன்பது பக்க ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. டோரிஸ் சொல்லச் சொல்ல ட்ரேசி எழுதினாள்: வீட்டுக்குள்ளே, மாடியிலோ கீழேயோ, குடியிருப்பவர்கள் மூவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கேமராவும் வைக்கக்கூடாது. இதைக் கேட்டதற்காக யாரையும் காலி பண்ணச் சொல்லக்கூடாது.

“கடைசி வரி எதுக்கு?” என்று செபாஸ்டியன் இழுத்தார்.

“அது எனக்கு” என்றாள் புஷ்பலதா.

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்து, “இனிமே இப்படி நடக்காதும்மா” என்றார். டோரிஸ் தன் பங்குக்குப் புஷ்பலதாவையும் மங்களத்தையும் மிரட்டினாள்: இன்னொரு தடவை அம்மாவின் பேரில் விளையாடினால் தானே வந்து சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பாளாம். இளநீரை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

மனைவி காடியில் ஏறிய பிறகும் செபாஸ்டியன் போகவில்லை. படிக்கட்டுக்கு வந்தார். பழக்கத்தில் கால் முதல் படியில் ஏறியது. ஏறிய காலை அப்படியே இறக்கி வைத்தார். மேலே எட்டிப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“புஷ்பா… கேமராவோட வயரு ஒன்னு மேல தொங்குது. அத நறுக்கணும். நான் மேல வரலாமா?”

மாடியில் மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் யாரும் இதுவரை அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை. மங்களம் குதிக்காத குறை. புஷ்பலதா கையால் வாயைப் பொத்தி, மூச்சை இழுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்:

“இப்ப முடியாது அங்கள். மங்களம் அக்கா குளிக்கப் போறாங்க. அரை மணி கழிச்சு வாங்க.”

குளிக்கும் எண்ணமே இல்லாத மங்களம் கைலியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“ஒரு மணி நேரம்னு சொல்லுடி” என்றாள். “தலைக்கும் ஊத்திக்கிறேன்.”